ஏழு தீவுகளும் ஒரு குளிர்ந்த வாயுவும்

சிங்கப்பூர் நம்மவர்க்குப் புதிய ஊரன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்ப்பதற்காகக் கப்பலேறிய பாட்டன்மாரின் படங்கள் யாழ்ப்பாணத்து விறாந்தைச் சுவர்கள் பலவற்றில் இன்றும் தொங்குகின்றன. ‘மலாயாப் பென்சனியர்’ என்ற பெயருக்கு ஒரு காலத்தில் ஊரிலிருந்த மதிப்பு, வாசகர்களுள் வயது சென்றோருக்கு நினைவிருக்கும். அந்த நகருக்கு இன்று போய்வருவோர் சிராங்கூன் வீதியிலே சேலை வாங்கி, செந்தோசாத் தீவிலே படம் பிடித்து, விமான நிலையத்து நீர்வீழ்ச்சியை வியந்து திரும்புகின்றனர். நான் பார்க்க விரும்பியதோ எந்த உல்லாசப் பயணப் புத்தகமும் பரிந்துரைக்காத ஓரிடம். நகரின் தென்மேற்குக் கரையை அடுத்துள்ள ஜூரோங் தீவு என்பது அதன் பெயர். எரிவாயு ஒரு சொட்டேனும் ஊறாத ஒரு நாடு, எரிவாயுவை உலகின் பல மூலைகளிலிருந்தும் வரவழைத்துத் தானும் எரித்து, பிறர்க்கும் பகிர்ந்து கொடுக்கும் துறையாகத் தன்னை ஆக்கிக்கொண்டது அங்கேதான்.

“உள்ளுக்கு விடமாட்டினம், தம்பி. பாலத்தடி மட்டும் போகலாம், அங்காலை கடலாலைதான் பாக்கலாம்” என்று, அங்கே நெடுங்காலம் பொறியியல் தொழில் பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் முறையான ஒருவர் முதலிலேயே சொல்லி வைத்தார். அவர் சொன்னது சரியே. பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் கடல்வழிச் சாலை 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2001 ஒக்டோபரிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாத எவரும் அதன் வாயிலைக் கடத்தல் இயலாது. காலை ஏழு மணிக்குச் சென்று நின்றோம். தொழிலாளரைச் சுமந்த பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவண்ணம் இருந்தன. யன்னலோரங்களிலே சாய்ந்து உறங்கிய முகங்களிற் பல தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களுடையவை என்பதைப் பார்த்த அளவிலே அறியலாம். புக முடியாதென்று எச்சரிக்கும் பலகை நான்கு மொழிகளில் நின்றது; அவற்றுள் தமிழும் ஒன்று. தமிழில் எழுதிய எச்சரிக்கையைத் தமிழில் வாசித்து, தமிழிலேயே பெருமூச்சு விட்டுத் திரும்பினேன்.

தீவு என்று ஒருமையிற் சொல்கிறோமாயினும் அது இயற்கை தந்த தீவன்று. ஆயர் சாவான், ஆயர் மெர்பாவ், மெர்லிமாவ், சக்ரா, செராயா, பெசெக், சின்ன பெசெக் என்று ஏழு தீவுகள் அங்கே தனித்தனியே கிடந்தன. மலாய் மீனவர் மரக்கால்களின்மேல் ஓலை வேய்ந்த வீடு கட்டி, முற்றத்தின் கீழே அலை புரளக் குடியிருந்த சிற்றூர்கள் அவற்றிற் பலவற்றில் இருந்தன. 1960களிலிருந்து எண்ணெய்க் கைத்தொழில் அத்தீவுகளின்மேற் கண் வைத்தது. எஸ்ஸோ நிறுவனத்தின் சுத்திகரிப்பாலை ஆயர் சாவானில் எழுந்தது. பின்னர் மெர்லிமாவிலும் ஒன்று எழுந்தது. மீனவர் பெருநிலத்து மாடிவீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். 1995இல் ஏழு தீவுகளுக்கும் இடையிலிருந்த கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கிற்று. அந்நாளிலே பொருளாதார அபிவிருத்திச் சபையின் தலைவராக இருந்த பிலிப் இயோ இத்திட்டத்தின் பின்னின்ற முக்கியமானவர். பத்துச் சதுரக் கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த நிலம், முப்பதுக்கும் மேற்பட்ட சதுரக் கிலோமீற்றராக விரிந்தது. 2000 ஒக்டோபரில் தீவு சம்பிரதாயமாகத் திறந்துவைக்கப்பட்டது. தூர்ப்பு வேலை முற்றுப்பெற்றது 2009இல். தூர்ப்பதற்கு வேண்டிய மணலிற் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வந்தது; அந்நாடு 2003இல் கடல்மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தது என்பதிலிருந்து, எவ்வளவு மணல் சென்றிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆபத்தான சரக்கைத் தீவிலே வைத்தல் சிங்கப்பூருக்குப் புதிய வழக்கமன்று. செந்தோசாவின் மேற்குக் கரையிலே நின்று பார்த்தாற் கடலுக்கப்பால் புக்கோம் தீவின் புகைபோக்கிகள் தெரியும். 1891இல், மண்ணெண்ணெயைப் பெருமளவிற் சேமித்துவைக்க நகரத்துக்குள் இடங்கொடுக்க அதிகாரிகள் உடன்படாமையால், மார்க்கஸ் சாமுவேல் என்ற இலண்டன் வர்த்தகரின் முகவர்கள் அத்தீவைத் தெரிந்தெடுத்தனர். அடுத்த ஆண்டு அவருடைய ‘மூரெக்ஸ்’ என்ற கப்பல், கருங்கடற் கரையிலுள்ள பாத்தூமிலே மண்ணெண்ணெயைத் தகரங்களில் அடைக்காமல் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொண்டு, சுயஸ் கால்வாய் வழியாக வந்து புக்கோமில் இறக்கிற்று. அப்படி அக்கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பல் அதுவே. மூரெக்ஸ் என்பது ஒரு சங்கின் பெயர். சாமுவேலின் தந்தையார் கடற்சிப்பி வியாபாரம் செய்தவர். பிற்காலத்தில் உலகெங்கும் சிப்பிச் சின்னத்தோடு பரந்த ஷெல் நிறுவனத்தின் வரலாறு இங்ஙனம் தொடங்கிற்று. சிங்கப்பூரின் முதலாவது சுத்திகரிப்பாலையும் 1961இல் புக்கோமிலேதான் எழுந்தது. 2025இல் ஷெல் அதனை வேறு கைகளுக்கு மாற்றிவிட்டது. தீவு மட்டும் தன் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி வாயுவின் கதைக்கு வருவோம். குடும்பப் பெண்கள் இதனை வாசிக்கையில் அடுப்படியில் நிற்கும் சிலிண்டரை எண்ணிக்கொள்ளக் கூடும்; அது வேறு, இது வேறு. சிலிண்டரிலிருப்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்த பெற்றோலிய வாயு. சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தத்தினால் அது திரவமாகிவிடும். ஆகவே ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைத்து வீதி வீதியாகக் கொண்டு திரியலாம். இயற்கை வாயு என்பதோ பெரும்பாலும் மெதேன். எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண வெப்பநிலையில் அது திரவமாகாது. அதனைத் திரவமாக்க உறைநிலைக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அங்ஙனம் குளிர்வித்தால் அறுநூறு பங்கு இடத்தை அடைத்திருந்த வாயு ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். குழாய் போட இயலாத தூரத்துக்கு அதனைக் கப்பலில் ஏற்றலாம் என்பதுதான் இவ்வளவு பாட்டுக்கும் காரணம்.

சிங்கப்பூர் ஆதியில் இந்தக் குளிர் வித்தைக்குப் போகவில்லை. 1992இல் மலேசியாவிலிருந்து குழாய் வந்தது. 2001இல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாக் கடலிலிருந்தும், 2003இல் தென் சுமாத்திராவிலிருந்தும் குழாய்கள் வந்தன. எண்ணெயை எரித்த மின்னிலையங்கள் வாயுவுக்கு மாறின. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவு இயற்கை வாயுவிலிருந்தே பிறக்கின்றது. மாடிமாடியாக அடுக்கி வாழும் நகரில் மின்தூக்கி நின்றால் வாழ்க்கை நின்றுவிடும் அன்றோ? 2004 ஜூன் மாதத்தில் ஓரிரவு நத்துனாக் குழாயில் வாயு தடைப்பட்டது. நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. “பன்னிரண்டாம் மாடிக்கு நடந்து ஏறினனான், அண்டைக்குத்தான் இந்த ஊர் எவ்வளவு மெல்லிய நூலிலை தொங்குதெண்டு விளங்கினது” என்றார் மாமனார். அண்டை வீட்டார் எவ்வளவு நல்லவராயினும், அவர் கிணற்றை மாத்திரம் நம்பிக் குடியிருப்பவனுக்கு உறக்கம் வராது.

ஆகவே 2006இல் அரசாங்கம் இரண்டு முடிவுகளைச் செய்தது. கப்பலில் வாயு இறக்குவதற்கு ஓர் இறங்குதுறை அமைப்பது ஒன்று. மற்றையது, என் எண்ணத்தில், அதனினும் முக்கியமானது: குழாய்வழி வாயுவைப் புதிதாக இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன் நோக்கம் வெளிப்படை. குழாய் வாயு மலிந்து கிடந்தால் விலைகூடிய கப்பல் வாயுவை யார் வாங்குவர்? வாங்குவோர் இல்லாவிடின் துறை எதற்கு? எதிர்காலத் தேவையெல்லாம் புதிய துறைக்கே வந்துசேரும்படி முதலில் வழிகோலிவிட்டுப் பின்னரே துறையைக் கட்டினர்.

கட்டும் பொறுப்பு முதலில் ஒரு வர்த்தக நிறுவனத்திடமே இருந்தது. 2008இல் உலகெங்கும் வீசிய நிதி நெருக்கடியின்பின், இலாபக் கணக்குப் பார்த்தால் இவ்வேலை நடக்காது என்று தெரிந்தது. 2009இல் அரசாங்கமே அதனைத் தன் கையில் எடுத்து, அதற்கென ஒரு நிறுவனத்தையும் தோற்றுவித்தது. ஜூரோங் தீவின் தென்கோடியிலே மெரந்தி எனப்படும் கடல்முகத்தில் 2010இல் வேலை தொடங்கி, 2013 மார்ச்சில் முதற் கப்பல் வந்து, மே மாதம் 7ஆந் தேதி வர்த்தகச் சேவை ஆரம்பமாயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 1,80,000 கன மீற்றர் கொள்ளும் தாங்கிகள் இரண்டு; அடுத்த ஆண்டில் மூன்றாவது; 2018இல் 2,60,000 கன மீற்றர் கொள்ளும் நான்காவது. ஆக எட்டு இலட்சம் கன மீற்றர். ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுப் பத்து இலட்சம் தொன் வாயுவைக் கையாளும் வல்லமை அதற்குண்டு. கட்டாரிலிருந்து வரும் மிகப் பெரிய வாயுக் கப்பலும் அங்கே அணையலாம். நாளைக்கு வரக்கூடிய தேவையை எண்ணி இன்றைக்கே சற்று மிகையாகக் கட்டினார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோமாக. அந்த மிகைதான் பின்பு பகிர்ந்து கொடுப்பதற்கு இடம் வைத்தது.

அத்துறையில் நடக்கும் வேலையை எண்ணினால் வியப்பாக இருக்கின்றது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு பாகையில், நிழலிலும் வியர்க்கும் ஊரில், மனிதன் செய்துள்ள மிகக் குளிர்ந்த சரக்குகளுள் ஒன்று வந்து இறங்குகின்றது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதனின் கை போல மடங்கி நீளும் உலோகக் குழாய்கள் பொருந்துகின்றன. சாதாரண உருக்கு இக்குளிரிற் கண்ணாடிபோல உடைந்துவிடும். ஆகையினால் இத்தகைய தாங்கிகளின் உட்கூட்டை நூற்றுக்கு ஒன்பது பங்கு நிக்கல் சேர்த்த உருக்கினாற் செய்து, வெளியே தடித்த கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பி, இடையிலே வெப்பம் புகாத பொருளை நிரப்பி வைக்கின்றனர். பெரிய ஒரு சுடுநீர்ப் போத்தலைத் தலைகீழ்ப் பயனுக்குச் செய்தது போன்றது எனலாம். இவ்வளவு காவலிருந்தும் உள்ளே சிறிது சிறிதாகக் கொதித்து வாயு எழுந்துகொண்டே இருக்கும்; அதனையும் வீணாக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்னிலையத்துக்கு அனுப்பும்போது திரவத்தை மீண்டும் வாயுவாக்குதற்குத் தீ வேண்டியதில்லை. கடல்நீரின் சூடே அதற்குப் போதும். திரவம் ஓடும் குழாய்களின்மேல் கடல்நீரை வழியவிட, அது வாயுவாகிக் குழாயிற் புறப்படுகின்றது. உலகின் வேறோர் மூலையில் அரும்பாடுபட்டு ஏற்றிய குளிரெல்லாம் சிங்கப்பூர்க் கடலில் கரைந்துபோகின்றது.

மறுநாள் பாத்தாம் தீவுக்குப் போகும் பயணிகள் படகிலே ஏறினோம். மேற்றளத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எத்தனை கப்பல்கள் என்று எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் கைவிட்டேன். மலாக்கா நீரிணை வழியாகச் சீனாவுக்கும் யப்பானுக்கும் போகும் வழி சிங்கப்பூருக்கருகே பிலிப் கால்வாயில் மூன்று கிலோமீற்றருக்கும் குறைவாக ஒடுங்குகின்றது. மேற்கே பார்த்தால் எண்ணெய்த் தாங்கிகளும் புகைபோக்கிகளும் கடலிலிருந்து முளைத்த ஒரு காடுபோல நின்றன. பெரிய கப்பல்களின் விலாப்புறத்திலே, தாய்ப்பசுவின் அருகே கன்று நிற்பதுபோலச் சிறு கப்பல்கள் ஒட்டி நின்றன. ஆனால் இங்கே பால் கொடுப்பது கன்றுதான். அவை எரிபொருள் ஊட்டும் கப்பல்கள். கடலோடும் கப்பல்களுக்கு எரிபொருள் விற்பதிற் சிங்கப்பூருக்கு நிகரான துறை உலகில் இல்லை. 2024இல் மட்டும் விற்றது ஏறத்தாழ ஐந்து கோடியே நாற்பத்தொன்பது இலட்சம் தொன்.

பகிர்வு என்பதன் பொருள் இங்கேதான் விளங்கும். சுன்னாகச் சந்தையில் மொத்த வியாபாரி லொறி நிறைய இறக்கிய மூட்டைகளைப் பிரித்துச் சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுப்பதைக் கண்டிருக்கின்றோம். வாயு வியாபாரத்திலும் அதே கதைதான். இரண்டு இலட்சம் கன மீற்றர் கொண்ட கப்பலை வரவழைக்கும் ஆற்றல் ஒரு சிறு தீவுக்கு இல்லை. அதற்கு வேண்டியது ஐயாயிரமோ பத்தாயிரமோ. 2017இல் ஜூரோங் துறையின் இரண்டாம் அணைகரை திருத்தப்பட்டு, சில ஆயிரம் கன மீற்றர் கொள்ளும் சிறு கப்பல்களும் வந்து நிரப்பிச் செல்ல வசதி செய்யப்பட்டது. லொறிகளில் நிரப்பும் வசதியும் அதே காலத்தில் வந்தது. 2021இல் ‘ஃபியூஎல்என்ஜி பெலினா’ என்ற 7,500 கன மீற்றர்க் கப்பல் வாயுவை எரிபொருளாகக் கப்பல்களுக்கு ஊட்டத் தொடங்கிற்று. பின்னர் அதனிற் பெரியவையும் வந்தன. கந்தகம் மிகுந்த எண்ணெயைக் கப்பல்கள் எரிக்கலாகாதென்று சர்வதேசச் சட்டம் 2020 ஜனவரி முதல் இறுகியமை இதற்குத் துணைநின்றது. 2023இல் இவ்வகையில் விற்றது ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் தொன். 2024இல் நான்கு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் தொன்.

ஓராண்டில் நான்கு மடங்கு என்றாற் பெரிது போலத் தோன்றும். ஆயின் மொத்த எரிபொருள் விற்பனையோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பகிர்வு மையம் என்ற பெரும் பெயரைக் கேட்டு நாம் மயங்கலாகாது. அந்தத் துறையின் முதல் வேலை இன்றும் தன் வீட்டு விளக்கை எரிப்பதே. பகிர்ந்து கொடுத்தல் அதன்மேல் வைத்த மாடி. கீழ்வீடு இல்லாமல் மாடி கட்டியவர் எவருமிலர்.

அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியதுமில்லை. எண்ணெய்க்குச் சிங்கப்பூரில் விலை குறிக்கப்படுவதுபோல வாயுவுக்கும் தாமே விலை குறிக்கவேண்டுமென்று 2015இல் அவர்களின் பங்குச் சந்தை ஒரு விலைச் சுட்டியை வெளியிட்டது. ‘ஸ்லிங்’ என்று அதற்குப் பெயர். சிங்கப்பூர்ச் சாராயக் கலவை ஒன்றின் பெயரும் அதுவாகையால் எல்லோரும் இரசித்தனர். ஆனால் வியாபாரிகள் யப்பானையும் கொரியாவையும் வைத்துக் குறித்த வேறொரு விலையையே பின்பற்றினர். 2019இல் ஸ்லிங் நிறுத்தப்பட்டது. துறை கட்டலாம், தாங்கி கட்டலாம். பிறர் நம்பும் விலையைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது போலும்.

அதனினும் கடுமையான பாடம் 2021இலும் 2022இலும் வந்தது. நத்துனாவிலிருந்து வரும் குழாய் வாயு குறைந்தது. அதே வேளையில் உலக விலை ஏறிற்று. சிங்கப்பூரில் மின்சாரத்தைச் சில்லறையாக விற்ற பல கொம்பனிகள் 2021இல் கடையை மூடின. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டபின், ஐரோப்பிய நாடுகள் என்ன விலையாயினும் தருவோம் என்று வாயுக் கப்பல்களைத் தம் கரைக்கு இழுத்தன. பணமுள்ள சிங்கப்பூர் விளக்கணையாமல் தப்பிற்று. வங்காளதேசமோ அவ்வாண்டு ஜூலையில் உடனடிச் சந்தையில் வாயு வாங்குவதையே நிறுத்தி, மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்தது. பாலத்தடியில் நான் கண்ட பஸ் வண்டிகளில் உறங்கிச் சென்றோர், அந்த இருண்ட வீடுகளுக்குப் பணம் அனுப்புவோர் என்பதை எண்ணிப் பார்த்தேன். குளிர்ந்த வாயுக் கப்பலுக்குத் திசையைச் சொல்வது மாலுமியல்ல, விலை. 2025இல் சிங்கப்பூர் அரசு, மின்னிலையங்களுக்கு வேண்டிய வாயுவைத் தனித்தனியே வாங்கவிடாமல் ஒன்றுசேர்த்து வாங்க ஒரே நிறுவனத்தை அமைத்ததும் இந்தப் பயத்தினாலேயே.

வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டு அமைச்சரான சி. இராஜரத்தினம், 1972இல் நிகழ்த்திய ஓர் உரையில், பின்னிலம் அற்ற தம் நகருக்கு உலகமே பின்னிலமாகும் என்ற கருத்தை விரித்தார். ஜூரோங்கைப் பார்ப்பவர்க்கு அக்கருத்து கல்லிலும் உருக்கிலும் நிற்பதாகத் தோன்றும். ஆயினும் உலகைப் பின்னிலமாகக் கொண்டவன் உலகத்துக் காய்ச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றான்.

நம் நாட்டை எண்ணாமல் இவற்றைப் பார்க்க எவ்வாறு இயலும்? நமக்கும் துறைகள் உண்டு. திருகோணமலையின் ஆழமும் அமைதியும் உலகறிந்தவை; சீனக்குடாவிலே பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ நூறு இன்னும் நிற்கின்றன. தேவேந்திர முனைக்குத் தெற்கே பெருங்கப்பல் வழி செல்கின்றது. அம்பாந்தோட்டையிலிருந்து அதனைக் கண்ணாற் காணலாம். 2011இல் மன்னார்க் கடலடியில் வாயு இருப்பது கண்டறியவும் பட்டது. அது இன்னும் அங்கேயே இருக்கின்றது. கெரவலப்பிட்டியில் வாயுவால் இயங்கவல்ல 350 மெகாவாற்று மின்னிலையம் ஒன்று எழுந்தது. 2024இல் அதன் முதற் பகுதி மின்சாரம் தரத் தொடங்கியபோது வாயு வந்துசேர்ந்திருக்கவில்லை, எண்ணெயையே எரிக்க வேண்டியிருந்தது. துறை எங்கே, மிதக்கும் தாங்கி எங்கே, யார் கொண்டுவருவது என்ற பேச்சு அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறிக்கொண்டே வந்தது.

இலங்கையை வாயுப் பகிர்வு மையமாக்குவோம் என்று மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். நம் துறைகளின் ஆழத்தைப் பற்றி அங்கே சொல்லப்படுவதெல்லாம் உண்மையே. ஆனால் ஜூரோங்கிற்கு வியாபாரத்தைக் கொடுத்தது ஆழமன்று. ஆண்டு முழுவதும் தவறாமல் வாயு வாங்கும் மின்னிலையங்கள் அதற்கு முதலிலேயே இருந்தன. அவற்றின் தேவையை வேறெங்கும் சிதறவிடாமல் துறைக்குத் திருப்பிய சட்டம் இருந்தது. வர்த்தகர் பின்வாங்கியபோது பணத்தோடு முன்வந்த அரசு இருந்தது. நாம் இவற்றைக் கடைசியாகப் பேசுகின்றோம். ஒரேயொரு மின்னிலையத்துக்கு வாயு வேண்டுமென்று பெரிய கப்பலை அழைப்பவன், அவியல் ஒன்றுக்குத் தேங்காய் வேண்டுமென்று தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவனைப் போன்றவன். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றவர்களுக்கு, டொலர் இல்லாத நாட்டின் கரையைக் கப்பல்கள் எங்ஙனம் கடந்து போகும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலையும் காற்றையும் இலவசமாகப் பெற்றுள்ள மன்னாருக்கும் பூநகரிக்கும் உரிய பணத்தைக் குளிர்ந்த தாங்கிகளில் முடக்குவதற்கு முன் இருமுறை எண்ணுவது நன்று என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். இதற்கு மாறாக நினைப்பவர்களும் உளர். மழை பொய்த்து நீர்த்தேக்கம் வற்றும் ஆண்டில் வெயிலும் காற்றும் இரவு ஏழு மணி விளக்கை எரிக்குமா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே.

சிங்கப்பூரும் இக்கணக்கை இப்போது வேறு விதமாகப் போடத் தொடங்கியிருக்கின்றது. வாயு எண்ணெயிலும் நிலக்கரியிலும் குறைவாகவே கரிவாயுவை உமிழ்கின்றது. ஆயினும் உமிழாமல் இல்லை. கசியும் மெதேன் வளிமண்டலத்துக்குச் செய்யும் தீங்கு அதனினும் கொடிது. 2050க்குள் தன் உமிழ்வை இல்லையென்று ஆக்குவதாக அந்நாடு உறுதி கூறியுள்ளது. அதே வேளையில் மின்சாரத் தேவை ஏறுகின்றது, இரண்டாவது வாயுத் துறையும் வேண்டியிருக்கின்றது. ஆகவே இம்முறை தீவைத் தூர்க்கவில்லை, கொங்கிறீற்றுத் தாங்கி எழுப்பவும் இல்லை. ஜூரோங் துறைமுகத்திலே, வாயுவைச் சேமித்து மீண்டும் வாயுவாக்கித் தரவல்ல ஒரு பெருங்கப்பலை யப்பானிய நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்துக் கட்டிவைப்பதென்று 2024இல் அறிவித்தனர். ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் தொன்னை அது கையாளும். இந்தப் பத்தாண்டின் இறுதியளவில் வேலை தொடங்கும் என்பது திட்டம்.

படகு திரும்பிவருகையில் இதனைப் பற்றி மாமனாரிடம் கேட்டேன். அவர் மேற்கே கை நீட்டி, செராயா எங்கே இருந்தது, சக்ரா எங்கே இருந்தது, இளமையில் தாம் நண்பர்களோடு தோணியில் மீன் பிடிக்கப் போன இடம் எது என்று காட்ட முயன்றார். எல்லாம் ஒரே நிலமாகத் தெரிந்தது. “அந்த ஏழையும் இனிப் பிரிக்கேலாது, தம்பி. கப்பலெண்டால், வேண்டாமெண்ட அண்டைக்கு நங்கூரத்தைத் தூக்கிவிடலாம்” என்றார். பின்பு, பாத்தாமில் வாங்கிய இறால் வடகப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.